சாய்வு கையில் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி

தண்ணீர் பம்ப் ஒன்றின் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை, திருத்தும் வேலை என்னிடம் வந்தது. அதன் வடிவத்தை 12 எண்களால் சொல்லிவிடலாம்: இறக்கையில் நீர் நுழையும் கோணம், வெளியேறும் கோணம், தடிமன், வளைவு என்று இப்படி. இந்த 12ஐயும் கொடுத்தால் கணினி உள்ளே நீரோட்டத்தைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட அளவு நீரைக் குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று ஒரே ஒரு எண்ணைத் தரும். பழைய வடிவத்துக்கு அந்த எண் 1 என்று வைத்துக்கொண்டோம். அதைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை ஓட்ட 20 நிமிடம்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்ப்பது, அப்புறம் கணினியே நல்ல எண்களைத் தேடும் மூன்று முறைகள்: பிஎஃப்ஜிஎஸ், நெல்டர்–மீட், போபிகா. இவற்றில் போபிகா மைக்கேல் பவல் எழுதியது. பிஎஃப்ஜிஎஸ் அவர் வளர்த்தெடுத்த முறையிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு எண்ணாக மாற்றும் முறை எப்படித் தோற்கும் என்று காட்டியவரும் அவரே. அவருடைய ஐம்பது ஆண்டு உழைப்பைப் படித்த பிறகுதான் எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. அதனால் அவர் கதையோடு சேர்த்தே இந்த ஒப்பீட்டைச் சொல்கிறேன்.

பவல் 1936இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும், அப்புறம் கணினி அறிவியலில் ஒரு டிப்ளமாவும் முடித்துவிட்டு, பிஎச்டி செய்யாமல் 1959இல் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த விஞ்ஞானிகள் கொண்டுவரும் கணக்குகளுக்குக் கணினி நிரல் எழுதித் தருவதும் அவர் வேலை. 17 ஆண்டுகள் அங்கே இருந்தார். 1976இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2001இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பதவியில் இருந்தார். ஒரு முறை நல்லதா என்று அவர் கேட்ட விதத்தில் ஹார்வெல்லின் சாயல் கடைசிவரை இருந்தது. எத்தனை முறை சார்பைக் (எண்களைக் கொடுத்தால் ஒரு மதிப்பைத் தரும் கணக்கை) கணக்கிட்டால் விடை கிடைக்கிறது? அவர் கட்டுரைகளில் உள்ள அட்டவணைகளில் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும். 20 நிமிட ஓட்டம் உள்ள என்னைப் போன்றவனுக்கு வேண்டியதும் அந்த எண்தான்.

முதலில் எளிய வழி. 11 எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் நகர்த்து. நல்ல இடம் வந்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததை நகர்த்து. பட்டறையிலும் ஆய்வகத்திலும் எல்லாரும் கையால் செய்வது இதுதான். ஒவ்வொரு படியிலும் எண் குறைந்துகொண்டே வருவதால், எப்படியும் அடியில் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றும். 1973இல் பவல் வெறும் மூன்று மாறிகள் (நகர்த்தக்கூடிய எண்கள்) கொண்ட ஒரு சார்பை எழுதிக் காட்டினார். அதில் இந்த முறை ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஆறைச் சுற்றிச் சுற்றி வரும். மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும், ஆனாலும் சிறுமத்துக்கு, அதாவது மதிப்பு மிகக் குறைவான இடத்துக்கு, போகவே போகாது. அந்த உதாரணம் வலிந்து செய்ததுதான். நடைமுறையில் அப்படியே சுற்றுவது அபூர்வம். ஆனால் மாறிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்போது இந்த முறை ஊர்ந்து போவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இறக்கையின் கோணமும் வளைவும் பிணைந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும். ஆகவே இதை நான் உடனே ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது சாய்வு. ஒரு புள்ளியில் நின்றுகொண்டு ஒவ்வொரு மாறியையும் மிகக் கொஞ்சமாக நகர்த்தினால் சார்பு எவ்வளவு மாறும் என்ற பட்டியல்தான் சாய்வு. அது தெரிந்தால் எந்தப் பக்கம் இறக்கம் என்பது தெரியும். மிகச் செங்குத்தான இறக்கத்தில் நடந்துகொண்டே இருந்தால் போதாதா? போதாது என்பதற்கு ரோசன்பிராக் 1960இல் ஒரு சார்பு கொடுத்தார். இன்றும் எல்லாப் பாடத்திலும் வருவது. 100 பெருக்கல் (y − x²) வர்க்கம், அதோடு (1 − x) வர்க்கம். வாழைப்பழம்போல் வளைந்த நீளப் பள்ளத்தாக்கு. சிறுமம் (1, 1) என்ற இடத்தில். வழக்கமான தொடக்கப் புள்ளி (−1.2, 1), அங்கே மதிப்பு 24.2. சாய்வைக் கணக்கிட்டால் (−215.6, −88) வரும். இந்த எண்களுக்குப் பள்ளத்தாக்கின் சுவர் மட்டுமே தெரியும். அது எந்தப் பக்கம் நீள்கிறது என்பது தெரியாது. அதனால் செங்குத்து இறக்க முறை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு என்று மோதி மோதி ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கும்.

நியூட்டன் முறையில் வளைவும், அதாவது இரண்டாம் வகைக்கெழுக்களும், சேர்கின்றன. அதே புள்ளியிலிருந்து அவற்றையும் வைத்துக் கணக்கிட்டால் முதல் படியிலேயே (−1.1753, 1.3807) என்ற இடத்துக்குப் போய் மதிப்பு 4.73 ஆகிவிடும். இரண்டாம் படியில் அது திடீரென்று 1411ஐத் தாண்டி மேலே போகும். மூன்றாம் படியில் 0.056. ஐந்தாவது படிக்குள் விடை கிட்டத்தட்ட கையில். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்தான் ஆகும். வளைவு தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும், அதை அளவு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதும் ஒரே கணக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் 12 மாறிகளுக்கு 78 இரண்டாம் வகைக்கெழுக்கள் உண்டு. யார் கணக்கிட்டுத் தருவது? அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் வில்லியம் டேவிடனுக்கும் இதே தொல்லை. அந்தக் காலக் கணினி கணக்கு முடிவதற்குள் அடிக்கடி பழுதாகி நின்றுவிடும்; வேகமான முறை தேவைப்பட்டது. 1959இல் ஓர் அறிக்கை எழுதினார். ஒரு படி நகர்ந்த பிறகு சாய்வு எவ்வளவு மாறியது என்று பார். அந்த மாற்றத்திலேயே வளைவைப் பற்றிய செய்தி இருக்கிறது. 12 மாறிகள் என்றால் ஒரு படியில் 12 சமன்பாடுகள் கிடைக்கும், தெரியாதவை 78. மிச்சத்துக்கு என்ன செய்வது? முந்தைய ஊகத்தைக் கூடிய மட்டும் குறைவாகக் கலைத்துவிட்டு, புதிய செய்திக்குப் பொருந்துமாறு திருத்திக்கொள். அந்த அறிக்கை ஆய்விதழில் வெளிவந்தது 1991இல்தான். சயாம் என்ற பயன்பாட்டுக் கணிதச் சங்கம் உகப்பாக்கத்துக்காக (சிறந்த மதிப்பைத் தேடும் கணிதத்துக்காக) தொடங்கிய இதழின் முதல் வெளியீட்டில். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதற்குள் உலகம் முழுக்க அந்த முறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

பயன்படுத்தியதற்குக் காரணம் பவலும் ரோஜர் ஃப்ளெட்சரும். இருவரும் தனித்தனியே டேவிடனின் அறிக்கையைக் கையில் வைத்திருந்தவர்கள். லீட்ஸில் பவல் ஓர் உரை நிகழ்த்தப் போனபோது, தானும் அதே வேலையில் இருப்பதாக அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஃப்ளெட்சர் சொன்னார். 1963இல் அந்த முறையைப் பற்றிச் சேர்ந்து எழுதினார்கள். 1970இல் ப்ராய்டன், ஃப்ளெட்சர், கோல்ட்ஃபார்ப், ஷானோ ஆகிய நால்வரும் வளைவு ஊகத்தைத் திருத்தும் ஒரே புதிய வாய்பாட்டைத் தனித்தனியாக வந்தடைந்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் பிஎஃப்ஜிஎஸ். அது குவிந்த, அதாவது ஒரே கிண்ணம்போல் இருக்கும், சார்புகளில் நிச்சயம் சிறுமத்துக்குப் போகும் என்று 1976இல் நிரூபித்தவர் பவல். ரோசன்பிராக் பள்ளத்தாக்கை அது முப்பது சொச்சம் படிகளில் கடந்துவிடும்.

இவ்வளவு படித்துவிட்டு நான் பிஎஃப்ஜிஎஸ்ஸைத்தான் எடுத்தேன். பைத்தான் நிரல்மொழியில் இதற்கெல்லாம் சைபை என்ற தொகுப்பு இருக்கிறது, ஒரே வரி. சாய்வைக் கொடுக்கவில்லை என்றால் அதுவே ஒவ்வொரு மாறியையும் கொஞ்சம் நகர்த்தி வித்தியாசம் பார்த்துக்கொள்ளும். 12 மாறிகளுக்கு 13 ஓட்டம், ஒரு சாய்வுக்கு 4 மணி 20 நிமிடம். சரி, ராத்திரி ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால், ஒரு படிகூட நகராமல், துல்லியம் போதவில்லை என்று சொல்லி நின்றிருந்தது.

தவறு என்னுடையதுதான், அது எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு கோணத்தை எடுத்துக்கொண்டு, அதன் வீச்சை 0 முதல் 1 வரை என்று அளவு மாற்றி, 0.01 இடைவெளியில் இருபது புள்ளிகள் ஓட்டினேன். அழகான, வழவழப்பான பள்ளம். அதே இடத்தில் 0.00000001 இடைவெளியில் இருபது புள்ளிகள் ஓட்டினேன். தரையில் நெல் சிந்தினதுபோல் புள்ளிகள் மேலும் கீழுமாகக் கிடந்தன. காரணம் எளிது. நீரோட்டக் கணக்கு உள்ளுக்குள் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போய், மாற்றம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். ஆக விடையின் ஆறாவது தசம இடத்துக்குப் பிறகு இருப்பது வெறும் இரைச்சல். சைபையோ இயல்பாக 0.000000015 அளவுக்குத்தான் நகர்த்திப் பார்க்கும். 0.000001 இரைச்சலை 0.000000015ஆல் வகுத்தால் சுமார் 67. என் சார்பின் உண்மையான சாய்வு 0.02 சுற்றுவட்டாரத்தில். அதாவது உண்மையைவிடச் சுமார் மூவாயிரம் மடங்கு பெரிய பொய்யை வைத்துக்கொண்டு பாவம் அந்த நிரல் வழி தேடியிருக்கிறது. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே விடைதான் திரும்ப வரும் என்பதால் இந்த இரைச்சல் கண்ணில் படாது. படம் போட்டால்தான் தெரியும். உங்கள் சார்புக்கும் இந்த இருபது புள்ளிச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நகர்த்தும் அளவைக் கூட்டினால் நிலைமை தேறும். இரைச்சலின் வர்க்கமூலம் என்பது ஒரு நல்ல தோராய விதி. எனக்கு அது 0.001. அப்போது சாய்வில் வரும் பிழை சுமார் 0.001. தொடக்கத்தில் 0.02க்கு முன்னால் அது பரவாயில்லை. ஆனால் சிறுமத்தை நெருங்க நெருங்க உண்மைச் சாய்வு பூஜ்யத்தை நோக்கிப் போகும், பிழை அப்படியே நிற்கும். கடைசிப் பகுதியில் மறுபடியும் குருட்டாம்போக்குதான்.

அப்போ சாய்வே வேண்டாம் என்ற வழிகள். அவற்றில் பிரபலமானது நெல்டர்–மீட். ஜான் நெல்டரும் ரோஜர் மீடும் வெல்லஸ்போர்னில் இருந்த தேசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது 1965இல் வெளியிட்டது. (ரோசன்பிராக், ஃப்ளெட்சர்–பவல், நெல்டர்–மீட் மூன்றும் வந்தது ஒரே இதழில், தி கம்ப்யூட்டர் ஜர்னல். அந்தச் சில ஆண்டுகளின் தொகுதிகளைப் புரட்டுவது எனக்கு இன்றும் சந்தோஷம்.) இரண்டு மாறிகள் என்றால் ஒரு முக்கோணம், 12 மாறிகள் என்றால் 13 மூலைகள். மிக மோசமான மூலையை எடுத்து, மற்றவற்றின் நடுவழியாக எதிர்ப்பக்கம் புரட்டிப் போடு. நன்றாக இருந்தால் நீட்டு, இல்லாவிட்டால் சுருக்கு. எது பெரிது எது சிறிது என்று மட்டும் பார்ப்பதால் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் கலங்காது. இரண்டு மூன்று மாறிகளுக்கு, ஓட்டம் ஒரு நொடியில் முடியும் என்றால், நான் இன்றும் யோசிக்காமல் எடுப்பது இதைத்தான். மாறிகள் கூடக்கூட அந்த உருவம் தட்டையாகி நசுங்கி, முன்னேறாமல் கிடக்கும். 1998இல் மெக்கின்னன் இரண்டே மாறிகள் கொண்ட ஒரு குவிந்த சார்பில் அது சிறுமம் அல்லாத இடத்தில் போய் அடங்கிவிடுவதைக் காட்டினார். இந்த முறையில் எனக்கு உறுத்துவது வேறு: 20 நிமிடம் செலவழித்து ஓர் எண் வாங்குகிறோம், அது வரிசையில் எத்தனாவது என்று மட்டும் பார்த்துவிட்டு எண்ணைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

பவலின் கடைசிக் காலத்து நிரல்கள் அந்த எண்களை எறிவதில்லை. ஏற்கெனவே கணக்கிட்ட புள்ளிகளின் வழியாக ஓர் இருபடிச் சார்பைப் பொருத்தி, அதற்குச் சாய்வும் வளைவும் சுலபமாகத் தெரியுமாதலால், ஒரு சிறிய வட்டத்துக்குள் மட்டும் அதை நம்பி அடுத்த புள்ளியைத் தேர்ந்தெடுக்கும். சொன்னபடி மதிப்பு குறைந்தால் வட்டம் விரியும், இல்லாவிட்டால் சுருங்கும். நியூட்டன் முறை இரண்டாம் படியில் 1411க்குத் தாவியதே, அந்த மாதிரி விபத்துக்கு இந்த வட்டம்தான் கடிவாளம். புள்ளிகள் ஓரளவு தள்ளித் தள்ளி இருப்பதால் ஆறாவது தசம இடத்து இரைச்சல் பெரிதாகப் பாதிப்பதில்லை.

எத்தனை புள்ளிகள் வேண்டும்? முழு இருபடிச் சார்புக்கு 12 மாறிகளில் 91 குணகங்கள். ஆகவே 91 ஓட்டம், எனக்கு 30 மணி நேரத்துக்கும் மேல், அதுவும் தொடங்குவதற்கு மட்டும். 2002இல் வந்த அவருடைய யுஓபிகா அப்படித்தான் செய்தது. 2006இல் கட்டுரையாக வந்த நியூயுஓஏ, மாறிகளின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டினால் போதும் என்றது. 12க்கு 25 புள்ளிகள். 91 தெரியாத குணகங்கள், 25 நிபந்தனைகள். மிச்சம் 66க்கு என்ன செய்வது? வளைவைப் பற்றிய முந்தைய ஊகத்தைக் கூடிய மட்டும் குறைவாகக் கலை.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டேவிடனின் அறிக்கையில் தொடங்கிய அதே எண்ணம்! 1970இல் பவல் கண்ட, இன்று அவர் பெயரில் வழங்கும் ஒரு திருத்த வாய்பாடும் இதே விதிக்குப் பொருந்துவதுதான். பிஎஃப்ஜிஎஸ்ஸின் வெற்றியில் அது பின்னுக்குப் போய்விட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, சாய்வே இல்லாத இடத்தில் அதை எடுத்து வைத்து வேலை வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு. அதன் பிறகும் 2009இல் போபிகா, 2013இல் லின்கோவா. முன்னது ஒவ்வொரு மாறிக்கும் மேல் கீழ் எல்லை இருக்கும் கணக்குகளுக்கு, பின்னது நேரியல் கட்டுப்பாடுகளுக்கு. எல்லாம் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில், கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். நியூயுஓஏ நிச்சயம் சிறுமத்துக்குப் போய்ச் சேரும் என்ற நிரூபணம் அதோடு வரவில்லை. ஓடிக் காட்டிய அட்டவணைகள் வந்தன. 2015இல் காலமானார்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, அதில் பலர் விழுகிறார்கள். சைபையில் பவல் என்ற பெயரில் இருப்பது 1964இல் அவர் எழுதிய பழைய முறை. அது ஒரு திசையில் நேர்க்கோட்டில் தேடி, திசைகளை மாற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு தேடலுக்கும் பல ஓட்டங்கள் செலவாகும். 20 நிமிட ஓட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. கோபிலா என்பது 1994ஆம் ஆண்டினது, நேரியல் மாதிரி, வளைந்த கட்டுப்பாடுகளையும் ஏற்கும், கொஞ்சம் மெதுவானது. பவலின் வழியில் வந்தவர்கள் எழுதிய கோபிகா 2024 முதல் சைபையிலேயே கிடைக்கிறது. கட்டுப்பாடுகள் இருந்தால் கோபிலாவுக்கு முன்னால் அதை முயன்று பார்ப்பேன். பழைய ஃபோர்ட்ரான் நிரல்களை இன்றைய நடையில் திருத்தி எழுதிய பிரைமா என்ற தொகுப்பும் இருக்கிறது.

என் இம்பெல்லருக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லை உண்டு: தடிமன் இவ்வளவுக்குக் கீழே போனால் வார்க்கவே முடியாது. ஆகவே போபிகா. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம்பும் வட்டத்துக்கு, எல்லா மாறிகளுக்கும் சேர்த்து ஒரே ஆரம்தான் அது கேட்கும். கோணம் டிகிரியில் 30, தடிமன் மில்லிமீட்டரில் 4 என்று அப்படியே கொடுத்தால் ஒன்றுக்குச் சரியான ஆரம் இன்னொன்றுக்கு அபத்தமாகிவிடும். எல்லாவற்றையும் 0 முதல் 1 வரை மாற்றிக்கொண்டு, தொடக்க ஆரம் 0.1, முடிவு ஆரம் 0.001 என்று வைத்தேன். முதல் 25 ஓட்டங்களுக்கு 8 மணி 20 நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது, ஞாயிறு இரவு எட்டு மணிவாக்கில் 150 ஓட்டங்களோடு நின்றது. எண் 0.96. வேறு இரண்டு வடிவங்களிலிருந்து தொடங்கியும் ஓட்டிப் பார்த்தேன், ஏனென்றால் இந்த நான்கு முறைகளில் எதுவும் பக்கத்துப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்று அதே இடத்துக்கு வந்தது, இன்னொன்று 0.97இல் வேறோர் இடத்தில் நின்றது.

இதனால் போபிகாதான் எல்லாருக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் சார்பை நீங்களே நிரலாக எழுதியிருக்கிறீர்கள் என்றால், இன்றைக்குத் தானியங்கி வகையிடல் கருவிகள், நிரலின் ஒவ்வொரு படியையும் வகையிட்டு, சாய்வைத் துல்லியமாகத் தந்துவிடும். விடையிலிருந்து உள்ளீடு வரை பின்னோக்கி வகையிட்டால், மாறிகள் பத்தோ பத்து லட்சமோ, ஒரு முழுச் சாய்வின் விலை சார்பைச் சில முறை கணக்கிடும் விலைக்குள் அடங்கும். அந்த வசதி இருக்கும்போது சாய்வு இல்லாத முறைகளைத் தொடவே கூடாது. மாறிகள் பல லட்சம் என்றால் பிஎஃப்ஜிஎஸ்ஸும் அப்படியே உதவாது. 10 லட்சம் மாறிகளுக்கு, வளைவு ஊகத்தைச் சேமிக்கும் அதன் அணியை (எண் அட்டவணையை) வைத்துக்கொள்ள 8 டெராபைட் வேண்டும். அங்கே நோசிடல் 1980இல் கொண்டுவந்த எல்-பிஎஃப்ஜிஎஸ்: கடைசிப் பத்துப் படிகளின் நினைவை மட்டும் வைத்துக்கொள்ளும், 160 மெகாபைட் போதும்.

இப்போது அடுத்த இம்பெல்லர் வந்திருக்கிறது. இறக்கையின் பரப்பு முழுவதையும் நகர்த்த வேண்டுமாம், 100 மாறிகள். போபிகாவுக்கு 201 புள்ளிகள், தொடங்கவே 67 மணி நேரம். நீரோட்டக் கணக்கின் புதிய பதிப்பில், ஒன்றிரண்டு ஓட்டங்களின் விலையில் முழுச் சாய்வையும் தரும் வசதி வந்திருக்கிறது. முதல் வேலையாக அந்தச் சாய்வுக்கு இருபது புள்ளிச் சோதனை வைத்திருக்கிறேன். அதில் தேறினால், இந்த முறை எல்லைகளையும் ஏற்கும் எல்-பிஎஃப்ஜிஎஸ்தான்.